கால்காசு

நேப்பிள்ஸில் பதிவு அலுவலகத்தின் இரும்புக் கதவு
எட்டரைக்குத் திறக்கும்.
நான் ஆறேகாலுக்கே.

நிற்பதுதான் என் வேலை.
நிலையான வேலையா என்று கேட்காதீர்கள்.
என்னைவிட நிலையாக இந்த ஊரில்
சிலைகள்தான் நிற்கின்றன,
அவற்றுக்கும் சம்பளம் கிடையாது.

ஒரு தடவைக்குப் பன்னிரண்டு யூரோ.
மழையென்றால் பதினைந்து.
பாஸ்போர்ட் என்றால் பேசிக்கொள்ளலாம்.
கால் கடுத்து வருவதால் அது கால்காசு.
ஒன்றாம் தேதி எனக்கு
முப்பத்தொன்றுக்கு மறுநாள், அவ்வளவே.

முன்பு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டேன்.
ஒன்பது வருடம் வரிசையின் தலைமாட்டில் உட்கார்ந்து
வருகிற முகங்களைப் பார்த்தேன்.
இப்போது பிடரிகள்.
பிடரிக்குப் பொய் சொல்லத் தெரியாது.
கடன்பட்டவனுடையது சட்டைக் காலருக்குள் இறங்கியிருக்கும்,
நாளைக்குக் கல்யாணம் என்பவனுடையதில்
முடிவெட்டியவர் பூசிய பவுடர் இன்னும் இருக்கும்.

யாருடைய அம்மா எப்போது செத்தாள்,
எந்த டாக்டர் எந்த வீட்டைத் தம்பி பெயரில் வாங்கினார்,
எல்லாம் என் பிளாஸ்டிக் உறைக்குள்
மடிப்புக் கலையாமல் வரும், போகும்.
நான் எதையும் படிப்பதில்லை.
சரி, படிப்பேன்.
மூன்று மணி நேரம் வேறென்ன செய்ய?

இன்று ஸ்கொன்யாமிலியோவுக்காக நின்றேன்.
விவாகரத்துக்கு ஒரு சான்றிதழ்.
டோக்கன் நூற்றுப் பதினான்கு.
பலகையில் நூற்றுப் பதினொன்று ஒளிரும்போது போன்:
“நுன்ட்ஸியாத்தா, வந்துவிடு, வேண்டாம்.
அவள் திரும்பி வந்துவிட்டாள்.”
பின்னால் ஒரு பெண் சிரித்தாள்,
காபி பொங்கி அடுப்பில் வழிந்தது.
சந்தோஷம் என்றேன்.
என் கூலி என்றேன்.
“காகிதமே வாங்கவில்லையே, கூலி எதற்கு?”

அவர்கள் சேர்ந்ததற்கு
என் முழங்கால் வைத்த மொய்
பன்னிரண்டு யூரோ.

நூற்றுப் பன்னிரண்டு.

பிறந்து நாலு நாளான மகளுக்குப் பெயர் பதிய
ஒரு பையன் வந்திருந்தான்.
கையில் நூற்று அறுபத்து மூன்று,
கண் என் சீட்டின் மேல்.
“ஐந்து தருகிறேன்.”
எட்டு என்று வாய் தானாகத் திறந்தது.
சில்லறை தேடிப் பைக்குள் கைவிட்டேன்.
சாவிக்கொத்துக்கும் கீழே
நாலாய் மடிந்து, பிப்ரவரியிலிருந்து
என் சொந்த விண்ணப்பம்.
மகனின் பள்ளிச் சாப்பாட்டுக் கட்டணம் பாதியாகும்.
பெயர், முகவரி நிரப்பியாயிற்று.
தொழில் என்ற கட்டம் மட்டும் காலி.
எனக்காக நான் நின்றதே இல்லை.
என்னிடம் நான் கூலி கேட்டால்
எனக்குக் கட்டுப்படியாகாது.

நூற்றுப் பதிமூன்று. ஆள் இல்லை.
நூற்றுப் பதினான்கு.

பையனைப் பார்க்காமல் நடந்தேன்.

நாலாம் ஜன்னலில் யோவினே.
நாலு வருடமாய் என் கையிலிருந்து
ஊராரின் பெயர்களை வாங்கி முத்திரை குத்துகிறவர்.
தலை நிமிரவில்லை.
“இன்று யாருக்கு?”
“கச்சாபுவோத்தி, நுன்ட்ஸியாத்தா.”
“அதிகாரக் கடிதம்?”
“இல்லை.”
“அப்படியானால் அந்த அம்மாவே நேரில் வரவேண்டும்.”
“வந்திருக்கிறார்.”

யோவினே நாற்காலியிலிருந்து எழுந்து
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

பழக்கதோஷம்.
நானும் திரும்பிப் பார்த்தேன்.