பதினொன்று புள்ளி இரண்டு

அவுட்ரமில் ரத்தம் கொடுக்கப் போனேன்.
விரல் நுனியைக் குத்திப் பார்த்துவிட்டு
பதினொன்று புள்ளி இரண்டு,
பத்தாது அக்கா, என்றாள் தாதி.
கொடுக்காத ரத்தத்துக்கு
ஒரு பொட்டலம் பிஸ்கட் தந்தாள்.
மாத்திரை போட்டதும் தே குடிக்காதீங்க,
இரும்பு ஒட்டாது.

என் வேலையே இரும்புக் கணக்குதான் என்று
அவளிடம் சொல்லவில்லை.

ஒன்-நார்த்தில் ஆறாவது மாடி, இரவு முறை.
நீலச் சாயம் கலந்து ஊற்றிய தட்டு.
இரும்பைக் கட்டிக்கொண்டிருக்கும் வரைதான்
அந்த நீலம் நீலம்.
யாருடைய குடலிலிருந்தோ வந்த கிருமியை
நடுவில் ஒரு புள்ளியாக வைத்து மூடினேன்.
மூன்றாம் நாள் பார்த்தால்
புள்ளியைச் சுற்றி ஆரஞ்சு வளையம்.
திருடு போன இடம்.

கையில்லாத உயிர்
ஒரு கையைச் செய்து வெளியே அனுப்புகிறது.
இரும்போடு அது வீடு திரும்ப வேண்டும்.
உடம்பு மட்டும் லேசுப்பட்டதா?
அந்தக் கையைப் பிடிப்பதற்கென்றே ஒரு புரதத்தை
வழியில் நிறுத்தியிருக்கிறது.
உடனே கிருமி,
கைக்குச் சர்க்கரை பூசி
ஆள் தெரியாமல் அனுப்புகிறது.
இன்னொன்றுக்குக் கை செய்யவே சோம்பல்.
பக்கத்து வீட்டுக் கை சுமந்து வரும்போது
தன் கதவைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான்.

காய்ச்சல் வந்துவிட்டால்
வீட்டு நகையைக் கல்லீரலில் போட்டுப் பூட்டுகிறது உடம்பு.
துத்தநாகம், மாங்கனீசு, எதையும் வெளியே விடுவதில்லை.
தன் ரத்தம் வெளிறினாலும் சரி,
அவனுக்குக் கிடைக்கக் கூடாது.

சனிக்கிழமை தூங்கி எழுவதற்குள்
புளோக்குக்குக் கீழே கராங் கூனி ஹார்ன்.
மின்தூக்கியில் ஏறி
மாடி மாடியாக நெருங்கி வந்தது.
பூன் ஹாக் அங்கிளின் வண்டியில்
ஒரு மின்விசிறி, சோறு வடிக்கும் குக்கர், சைக்கிள் சங்கிலி.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து
தோசைக்கல்லை எடுத்து நீட்டினேன்.
ஒட்டாத சட்டி வாங்கி நாலு வருஷம்.
ஒரு கையில் தூக்கிப் பார்த்து
டூ டாலர், என்றார்.
தராசு வேண்டாத கை.

அப்போதுதான் பதினொன்று புள்ளி இரண்டு ஞாபகம் வந்தது.
வேண்டாம் அங்கிள், என்றேன்.
அவர் விடவில்லை. த்ரீ, என்றார்.
கல்லின் ஒரு விளிம்பு அவரிடம்,
ஒரு விளிம்பு என்னிடம்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

பிறகு சிரித்து விட்டுவிட்டார்.
ஹார்ன் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

துரு.
இரண்டு பேர் விரலிலும்
அதே ஆரஞ்சு.