சிவப்பு நட்சத்திரம்

முதலாளிக்கு முதல் பக்கத்தில்
பனிமூட்டம் ஓட வேண்டும்.
அதன்மேல் அருவி. அதன்மேல்
சுழன்று வந்து நிற்கும் கம்பெனிப் பெயர்:
குணசீலன் அன்ட் சன்ஸ்,
மரக்கறிப் போக்குவரத்து, கந்தப்பளை.

சன்ஸில் ஒருவர் கட்டாரில்.
மற்றவர் இன்னும் தரம் ஒன்பது.
லொறி நான்கு, ஓடுவது மூன்று.

பனிமூட்டம் பதினெட்டு மெகாபைட், என்றேன்.
ஜன்னலைத் திறந்தால் சும்மா வருவதை
டேட்டா போட்டு யார் வாங்குவார்?
சிரித்தார்.
அருவியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்றிரவு மடிக்கணினியை மூடிவிட்டு
இதைத் திறக்கப்போகிறவரை நினைத்தேன்.
விடிய மூன்று மணி, இராகலைக்கு மேலே.
கழுவிக் கட்டிய லீக்ஸ் பன்னிரண்டு மூட்டை
தம்புள்ளைக்கு ஏற வேண்டும்.
வருவதாய்ச் சொன்ன லொறி
வலப்பனையில் அச்சு முறிந்து நிற்கிறது.
கீறல் விழுந்த போன். சிக்னல் ஒரு கோடு,
அதுவும் கொட்டில் மூலையில்
கையைத் தூக்கிப் பிடித்தால்.
பெருவிரலில் ஈரமண்.
அந்த விரலுக்குத்தான் நான் பட்டன் வரைய வேண்டும்.

வரைந்தேன், தீப்பெட்டி அகலத்துக்கு.
'எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்'
அதற்குள் அடங்கவில்லை.
ஆங்கிலம் ஒரே சொல்லில் உட்கார்ந்து
பக்கத்தில் இடமும் விடுகிறது.
சிங்களம் சுருண்டு படுத்துக்கொள்கிறது.
நம்முடையது மட்டும்
போர்வைக்கு வெளியே பாதம் தெரிய.
எழுத்தைச் சின்னதாக்கு என்றது மென்பொருள்.
பஸ் பலகையிலும் ஆஸ்பத்திரி வாசலிலும்
அதைத்தானே செய்கிறார்கள்.
எழுத்தைத் தொடவில்லை. சொல்லை மாற்றினேன்:
'பேசுங்க'.

படமெடுக்க ஒரு காலை கராஜுக்குப் போனேன்.
முதலாளி கோட் போட்டிருந்தார்.
சாரதிகள் மூவர் தலைவாரி நின்றார்கள்.
மூட்டை ஏற்றும் அந்தோனிமுத்து
தானாகவே விலகிப்போய்,
"இன்னும் தள்ளணுமா மிஸ்" என்றார்.
அதற்குள் க்ளிக் ஆகிவிட்டது.
'எமது குழு' என்ற தலைப்பின் கீழே
இப்போதும் அவருடைய பாதித் தோள் இருக்கிறது,
சாக்கு மடித்துப் போட்ட தோள்.
ஓரத்தை வெட்டச் சொன்னார்கள்.
மறந்துவிட்டேன்.

கடைசியில் படிவம்.
பெயர். போன். எத்தனை மூட்டை. முகவரி.
முகவரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம்:
கட்டாயம் நிரப்ப வேண்டும்.
நான் வைத்ததில்லை,
விலைக்கு வாங்கிய வார்ப்பில் கூடவே வந்தது.

சோதித்துப் பார்க்க என் பெயரைத் தட்டினேன்.
அடுத்த பெட்டியில் விரல் நின்றது.
ஐந்தாம் லயம், மேல் டிவிஷன்.
இலக்கத்தைக் கதவில் நாங்கள்தான் கரியால் எழுதினோம்.
மழை இரண்டு தடவை அதைத் திருத்தியது.
நேர்முகத்துக்கு அழைத்த கடிதம்
தோட்ட ஆபீஸ் மேசையில் பதினொரு நாள் கிடந்து
நேர்முகம் முடிந்த பிறகு வந்தது.

'செல்லுபடியாகாத முகவரி' என்றது திரை,
நானே கட்டிய பக்கத்தில்,
என்னிடமே.

நட்சத்திரத்தை அழித்தேன்.
பெட்டிக்கு மேல் வேறு கேள்வி எழுதினேன்:
'லொறி எங்கே வந்து நிற்கணும்?'

முதல் வாரத்தில் வந்தவை:
கோயில் முடக்கு, பீலிக்கு மேலே.
பழைய ஸ்டோர், லாம்பு எரியும்.
ஹோன் அடிங்க, நாய் குரைக்கும், அந்த வீடு.

"இதெல்லாம் என்ன அட்ரஸ்?" என்று
முதலாளி போனில் கத்தினார்.
பின்னால் லொறி ஏற்றும் சத்தம் கேட்டது.

மீதிப் பணம் கரட் விலை ஏறியதும் தருவாராம்.
அருவியைப் பக்கத்தின் அடியில் வைத்திருக்கிறேன்.
அவ்வளவு தூரம் யாரும் இறங்குவதில்லை.
அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கிறது.