ஒன்பது சதவீதம்

பார்சிலோனாவில் மழை பொய்த்த நான்காம் ஆண்டு.
மூன்றாம் மாடி, இரண்டாம் கதவு:
ஒற்றை ஆள், எட்டுப் பேர் செலவழிக்கும் தண்ணீர்.
கசிவைத் தேடி நிறுவனம் என்னை அனுப்பியது.

கசிவு இல்லை.
எல்லாக் குழாய்களும் திறந்தே கிடந்தன.

வானொலி நீர்மட்டம் சொல்லும் நேரம்.
ரெமெய் கசாதெஸ் என்னைக் கையமர்த்தினாள்.
"பதினாறு" என்றாள், எனக்குக் கேட்காததுபோல.

"அணைக்குள் தண்ணீர் விட்டபோது எனக்கு வயது எட்டு.
அப்பா கதவு, ஜன்னல், ஓடு வரை விற்றுவிட்டார்.
அடுப்பங்கல் மட்டும் பெயரவில்லை.
தேவாலயக் கோபுரம் தெரிகிறதென்று
ஊரே படமெடுக்க ஓடுகிறது.
அது மேட்டில் நிற்பது; எப்போதும் முந்திக்கொள்ளும்.
எங்கள் வீடு பள்ளத்தில்.
இருபத்திரண்டில் புகைபோக்கி வந்திருக்கும்.
இப்போது மாடிச் சுவர்.
ஒன்பதுக்கு இறங்கினால்
அடுப்படித் தரை."

அபராதம் எவ்வளவு என்றாள். சொன்னேன்.
பேரம் பேசவில்லை.

படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
தேய்ந்த வாஷர் என்று எழுதினேன்.
ஐந்து குழாய்க்கும்.

ஏப்ரலில் கொட்டித் தீர்த்தது.
பால்கனிகளில் நின்று கைதட்டினார்கள்;
யாரோ ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் நனைந்தான்.
அன்று வானொலி சொன்ன எண் பதினான்கு,
மறுநாள் பத்தொன்பது.

அடுத்த மாதம் அவள் மீட்டரைப் படித்தேன்.
ஒற்றை ஆளின் கணக்கு.