திருவை எடுத்தால்

ஒரு பேனலின் உயரம் நாற்பத்து நான்கு மில்லிமீட்டர், கொஞ்சம் சொச்சம்.
அதில் இரண்டு திருகாணி, ஒரு கைப்பிடி, நான்கு விளக்கு,
ஒரு பச்சைப் பொத்தான்.
மிச்சத்தில் திருத்துறைப்பூண்டி உட்கார வேண்டும்.

உட்காரவில்லை.

எழுத்தை மூன்றிலிருந்து இரண்டரைக்கு இறக்கினேன்.
அச்செடுத்துப் பார்த்தால்
பூண்டி இருந்த இடத்தில் ஒரு பூச்சி நசுங்கியிருந்தது.

மன்னார்குடி, பந்தலடிக்குப் பின்னால், உரக்கடை மாடி.
கீழே யூரியா மூட்டை இறங்கும்போதெல்லாம்
என் மவுஸ் அரைப்புள்ளி நகரும்.
மூணாறு தலைப்பில் வரப்போகும் கட்டுப்பாட்டு அறைக்கு
மூன்று ராக், நாற்பத்தொரு பேனல்.
மதகுப் பெயரெல்லாம் தமிழில் என்று டெண்டரில் ஒரு வரி.
அந்த ஒரு வரிக்குத்தான் ஒன்பது நாள்.

"முதல் எழுத்து மட்டும் போட்டு முடிம்மா" என்றார் கலியபெருமாள் சார்.
போட்டேன்.
தி. தி. வ. தி. நீ. தி. தி. தி.
அவரே பார்த்துவிட்டுக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்புறம்தான் பேனலில் எண்ணை மட்டும் விட்டுவிட்டு
பெயர்களைப் படத்துக்கு வெளியே தள்ளினேன்,
ராக்குக்கு வலப்புறம், வெறும் வெள்ளையில்.
ஒவ்வொன்றிலிருந்தும் அதனதன் பேனலுக்கு ஒரு கோடு.
ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரித்துவைக்க
மென்பொருளில் ஒரு கட்டளை உண்டு.
தட்டினேன். முக்கால் நொடி.
பந்திக்கு இலை போட்டதுபோல அத்தனையும் தள்ளித் தள்ளி அமர்ந்தன.
மோதல் பூஜ்ஜியம் என்றது திரை.
அன்று சாயங்காலம் நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன்.

மோதல் பூஜ்ஜியம்தான்.
ஆனால் ஏழின் பெயர் இடம் தேடி இறங்கி இறங்கி
எட்டின் வாசலில் நின்றுவிட்டது.
அதன் கோடு மட்டும், 0.09 கனத்தில்,
மேலே ஏறி வீட்டுக்குப் போயிருந்தது.

அறை எழும்பி, விளக்கும் எரிந்து,
கார்த்திகையில் ஒரு ராத்திரி, பதினொன்றரைக்கு,
போனில் சவரிராஜ்.
பின்னால் மழை, அதற்கும் பின்னால் ஜெனரேட்டர்.
"அக்கா, பூண்டி ஏழா, எட்டா?
படம் நனைஞ்சிருக்கு. எழுத்து இருக்கு, கோட்டைக் காணோம்.
எழுத்து எட்டுகிட்ட நிக்குது."

எட்டு, திருவாரூர்.

"ஏழு" என்றேன். இரண்டு முறை சொன்னேன்.
எட்டை அழுத்தியிருந்தால்
நட்டு இருபது நாளான சம்பாவில்
தண்ணீர் எங்கே போய் நின்றிருக்கும் என்று
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
அழுத்தாமல் கேட்டார். நடந்தது அவ்வளவுதான்.
அந்தப் படத்தில் சரியாக இருந்ததும் அது ஒன்றுதான்,
அதை நான் வரையவில்லை.

விடியும்வரை கோப்பு திறந்தே கிடந்தது.
ராக்கின் தலையில், வெறும் தகட்டில்,
ஒரே ஒரு முறை, பெரிதாக எழுதினேன்: திரு.
பிறகு கீழே ஒவ்வொரு பெயரிலும் அதை எடுத்துக்கொண்டே வந்தேன்.
திருவை எடுத்தால் ஒட்டவைத்த ஒற்றும் உதிர்கிறது.
காட்டுப்பள்ளி. பனந்தாள். துறைப்பூண்டி.
வகரம் கழன்று இடைமருதூர், ஆரூர்.
ஐயாறு மூன்றரை மில்லிமீட்டர் எழுத்தில்
கால் நீட்டிப் படுத்தது, பேனலுக்குள்ளேயே.
வெளியே போன கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.
துறைப்பூண்டிக்காகக் கைப்பிடியை மட்டும்
இரண்டு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டியிருந்தது.

காலையில் கலியபெருமாள் சார் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார்.
மூன்றாவதில் நின்றது விரல்.
"வலங்கைமானுக்கும் திரு வருதே. நீடாமங்கலத்துக்கும்."
"இருந்துவிட்டுப் போகட்டும் சார்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவைத் திறந்தார்.
தாளின் ஓரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
திருத்தம் 3 என்று எழுதித்
தேதி போட்டார்.