காரணம் என்ற கட்டம்

முதன்முதலில் பார்த்தது கண்ணால் அல்ல, தலையால்.
ஃப்ளாத்தே தீவில், ஒன்பது வயதில்,
மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது
உச்சந்தலையில் ஒரே கொத்து.
ரத்தம் புருவம்வரை இறங்கி நின்றது.
அண்ணன் ஸ்கூலி புல்லில் புரண்டு சிரித்தான்.
எங்கள் பக்கம் அந்த ஆலாவுக்கு
அதன் கூச்சலே பெயர்:
க்ரியா.

பிறகு கப்பல்களில் சமைத்தேன்.
மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு குறிப்பேடு.
தேதி, அட்சரேகை, காற்று, எத்தனை.
வேறொன்றும் எழுதுவதில்லை,
கையில் எண்ணெய்.

வால்விஸ் பே. அக்டோபர். மூடுபனி.
துறைமுகத்தில் மீன் சோதிக்கும் ந்தாபண்டுலா
தன் பைனாகுலரைக் கழற்றித் தந்தாள்.
"உங்கள் ஊர்ப் பறவையா?
இத்தனை வருடம் எங்கள் ஊருடையது என்றல்லவா
நினைத்திருந்தேன்!"
மீன் வாடையோடு நின்று கணக்குப் போட்டோம்.
எங்களிடம் கோடையில் மூன்று மாதம்.
அவளிடம் சில வாரம்.
மீதி நாளெல்லாம்
யாரிடமும் இல்லை.

போர்த்துகலுக்கு மேற்கே, ஒன்று.
ஆலா, அல்லது பிளாஸ்டிக் பை.

வெடல் கடல். ஜனவரி.
பனிப்பாளத்தின் விளிம்பில் நாற்பது,
இறகு உதிர்ந்து,
காய்ச்சல் கண்ட பிள்ளைகள்போல்
ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன.
எனக்குத் தெரிந்த அந்தச் சிவந்த அலகு
இங்கே கறுத்திருந்தது.
கொத்த ஒரு காரணமும் இல்லை அவற்றுக்கு,
முட்டை இல்லை, குஞ்சு இல்லை.
இருட்டாத அந்த இரவில்
உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது.
எஞ்சினியர் திட்டியதையும்
எண்ணெய்க் கையோடு எழுதிவைத்தேன்.

போன ஜூலை, ரிஃப்.
வெயிலில் தார்ச்சாலை வெதுவெதுப்பாக இருந்தது.
நடுவே ஒரு குஞ்சு, கூழாங்கல் நிறம்.
பிரேக்கை அழுத்தி மிதித்தேன்.
குஞ்சுக்கு ஒரு முழம் முன்னால்
வண்டி நின்றுவிட்டது.
மேலிருந்து பாய்ந்த தாய்,
தாயோ தகப்பனோ,
நிற்கவில்லை.

காலில் வளையம்.
ஏழு எண்ணில் நாலை உப்பு தின்றிருந்தது.
மிஞ்சிய மூன்றை வைத்துக்கொண்டு
இது மூடுபனியில் பார்த்ததா,
பனிப்பாளத்தில் பார்த்ததா என்று
எந்த அலுவலகமும் சொல்லப்போவதில்லை.
ஆனாலும் படிவம் வந்தது.
கண்டெடுத்த இடம், நாள், நிலை.
காரணம்.
'வாகனம்' என்று எழுதினேன்.
முன்னால் 'என்' சேர்க்க
அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை,
கோட்டுக்கு வெளியே எழுதினேன்.

அது பத்து நாள் கழித்து.
அன்றைக்குச் சாலையில் முழங்காலிட்டிருந்தபோது
மற்றவை வந்துவிட்டன.
பின்னால் நின்ற பேருந்திலிருந்து
ஓட்டுநர் ஹாஃப்லிதி தன் தொப்பியை நீட்டினான்,
"தலை, தலை!" என்று கத்திக்கொண்டே.
வாங்கி, குஞ்சை அதில் வைத்து,
ஓரத்துப் புல்லை நோக்கி நடந்தேன்.
க்ரியா, க்ரியா.
உச்சந்தலையில்,
கிட்டத்தட்ட அதே இடம்.