காற்றை அவிழ்க்காமல்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் நீல இன்ஜின்,
அந்தப் பக்கம் பழுப்பு.
நடுவில் எங்கள் யார்டு. நான் அதன் இரவு குமாஸ்தா.
மெய்னுக்குப் போகிற பெட்டிகள்
முப்பத்தோரு மணி நேரம் இங்கே கிடக்கும்.
யாரும் மறக்கவில்லை, யாரும் தூங்கவில்லை.
இரண்டு கம்பெனியும் தத்தம் கடிகாரப்படி
சரியான நேரத்தில்தான் ஓடின.

ஜனவரியில் களிமண் குழம்பு வரும்,
காகிதத்துக்குப் பளபளப்பு ஏற்றுகிற வெள்ளைக் குழம்பு.
ஜார்ஜியாவில் மோராக ஏறியது
எங்கள் தண்டவாளத்தில் நின்று நின்று
தயிராகி, தயிரும் கட்டியாகி
ஆலைக்குப் போய்ச் சேரும்.
அங்கே லுட்ஜே ஊலெட்
நீராவிக் குழாயோடு டேங்கர் மேல் ஏறி
பிரெஞ்சில் திட்டுவான், எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி.
போனில் கேட்டிருக்கிறேன். நல்ல உச்சரிப்பு.

பிப்ரவரியில், நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடையில்
ஐந்து பேர் கூடினோம்,
முதல்முறை சந்திக்கும் சம்பந்திகள் மாதிரி.
பதினொரு வருடம் எனக்கு வெறும் குரலாக இருந்த எவரெட் பிங்க்கம்
ஆறடி நாலங்குலம்,
முட்டை மேல் மேப்பிள் பாகு ஊற்றிக்கொள்கிற மனிதர்.
எங்கள் டிஸ்பாட்சர் ஓர்லா பிஸ்ஸெட்
அதை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பேரத்தைத் தொடங்கினாள்.
யார் இன்ஜின், யார் டீசல்,
பாலத்துக்கு அப்பால் தடம்புரண்டால்
யார் தலையில் விடியும்?
பில் இரண்டு முறை வந்து திரும்பிப் போனது.
கடைசியில் காகிதக் கைக்குட்டையில் எழுதினார்கள்:
பட்டியல் ரயிலுக்கு முந்தி வரவேண்டும்.
கிளம்பும் இடத்திலேயே பெட்டிகளை வரிசைப்படுத்து.
இன்ஜினை மாற்றாதே, ஆளை மட்டும் மாற்று.
காற்றை அவிழ்க்காதே.

புதுத் தண்டவாளம் ஒரு அடிகூடப் போடவில்லை.
வேக வரம்பு இன்றைக்கும் இருபத்தைந்து மைல்.

மார்ச் முதல் வாரம், பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
நீல இன்ஜின் வந்து நின்றது.
கிப் லவுவா பையோடு இறங்கினான்,
ரோஸலிண்ட் தர்லோ பையோடு ஏறினாள்.
"சீட்டு சூடா இருக்கு," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.
எண்பத்துநாலு பெட்டிகளின் பிரேக் குழாய்க்குள்
மேற்கே எங்கேயோ அடைத்த மூச்சு
சீறி வெளியேறாமல்,
அதே மூச்சாகப் பாலம் ஏறியது.
இருபத்திரண்டு நிமிடம்.
பேனாவை எடுத்து, எழுத எதுவும் இல்லாமல்,
நேரத்தை மட்டும் எழுதினேன்.

மறுநாள் சாயங்காலம் போன். லுட்ஜே.
"ஒரு நாள் முன்னாடியே வந்து நிக்குது!
பழைய டேங்கரே இன்னும் காலியாகலை,
இதை எங்கே வைக்கட்டும், என் மடியிலா?"
குழம்பு எப்படி என்று கேட்டேன்.
வால்வு முனகுவது கேட்டது.
கொஞ்ச நேரம் அவனிடமிருந்து எதுவும் இல்லை.
"ஓடுது," என்றான்.
அப்புறம் மறுபடி திட்ட ஆரம்பித்தான்,
இந்த முறை ஆங்கிலத்தில்.