நைலான், நடுத்தர நீளம்

வியாழக்கிழமை மறுபடியும் ஒன்று ஒடிந்தது.
மரையை உலோக உடலுக்குள்ளேயே விட்டுவிட்டு,
பல் பிடுங்கும்போது வேர் மட்டும்
தங்கிவிடுமே, அப்படி.

லைட்டரில் ஊசியைச் சுட்டு
சிக்கிய நைலான் துண்டில் செருகி
இருபது எண்ணும்வரை ஊதி, ஆறவிட்டு
இடப்பக்கமாகத் திருகினால் வரும்.
வராவிட்டால் திட்டவேண்டும்.
திட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

காலை நாலரைக்கே கத்தி பிடிப்பவள் நான்.
கிரிம்ஸ்பி துறைமுகக் கொட்டகையில்
பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு நடுவே
முள்ளையும் சதையையும் பிரிக்கும் விரல்களுக்கு
இது ஒரு வேலையா?
ஆனாலும் இந்த மாதத்தில் ஏழாவது தண்டு.
ஏழு!
சம்பளச் சீட்டின் பின்பக்கம்
பென்சிலால் கூட்டிப் பார்த்துவிட்டு
மெர்வின் ஸ்டாதர்ட் கடைக்குப் போனேன்.

கண்ணாடி மேசைமேல் பரப்பினார்.
அலுமினியம் மினுக்கியது.
கீழே விழுந்தால் லேசாக வளையும்,
வளைந்தது கண்ணுக்குத் தெரியாது,
பலகைக்குத் தெரியும்.
மூன்று எறிக்கு ஒருமுறை தானே கழலும்.
மரை கழன்ற ஆட்கள்
எங்கள் அணியிலேயே நாலு பேர்,
காசு கொடுத்து இன்னும் வேறா?

கார்பனைத் தூக்கிப் பார்த்தேன், எடையே இல்லை.
உடைந்தால் சிலாம்பு சிலாம்பாகப் பிரியுமாம்.
என் விரலில் ஏற்கெனவே போதுமான மீன்முள்.

கடைசியில் ஒரு சின்ன டப்பா.
டைட்டானியம்.
"உன்னைவிட நீண்ட நாள் இருக்கும், லின்டா மே"
என்றார் மெர்வின்.
விற்கிறவன் பேசுகிற பேச்சா இது?
வாங்கினேன்.
கழலாமலிருக்க மூன்று ரப்பர் வளையம்
இனாமாகக் கொடுத்தார்.

நான்கு வாரம். ஒன்றும் ஒடியவில்லை.
ஒரு கீறல் இல்லை.
பையிலிருந்து எடுக்கும்போதெல்லாம்
மென்துணியால் துடைத்தேன்.
(இதற்குமுன் நான் எதையும் துடைத்ததில்லை,
கத்தியைத் தவிர.)

கிளீத்தோர்ப்ஸ் அணியிடம் தோற்றோம்.
அடுத்த வாரம் ரயில்வே கிளப்பிடமும்.
சாக்பீஸும் கையுமாக பெரில்
என்னைப் பார்க்காமல் பலகையையே பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
இருபதின் கட்டத்தில் என் மூன்று அம்புகளும்
மழைநாளின் பேருந்து நிறுத்தத்தில்
முன்பின் தெரியாதவர்கள் நிற்பதுபோல்
ஒதுங்கி, மரியாதையாக,
ஒன்றன்மேல் ஒன்று படாமல்.

அப்போதுதான் உறைத்தது.
முன்னது போன வழியிலேயே
பின்னதும் போனால்தானே
முன்னதன் வால் முறியும்?

தோளில் வலி இல்லை.
கண்ணுக்கும் ஒன்றுமில்லை, காட்டிவிட்டேன்.
கைக்கு விலை தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.
இரண்டாவதை விடும் நொடியில்
ஒரு நெல்மணி அளவு விலகுகிறது,
என்னைக் கேட்காமலேயே.

"உடைந்துவிட்டதா?" பதறினார் மெர்வின்.
"இல்லை. உடையவேயில்லை."
அவருக்குப் புரியவில்லை,
நான் விளக்கவும் இல்லை.
முப்பது நைலான் தண்டு, நடுத்தர நீளம்,
கறுப்பு, மலிவு, அச்சின் பிசிறு அப்படியே இருந்தது.
டைட்டானியத்தை மகன் கேட்டான்.
அவனுக்கு இன்னும் பலகையில் படுவதே அபூர்வம்,
அவனிடம் அது நன்றாக வாழும்.

நேற்று, மூன்றாவது சுற்று.
முதல் அம்பு இருபதின் மும்மடங்கில்.
இரண்டாவது போனபோது
'டக்' என்று ஒரு சின்னச் சத்தம்,
வாலோடு இறகும் பறந்து
பெரிலின் செருப்பருகே விழுந்தது.
பலகையில் இரண்டும் அதே கட்டத்தில்,
ஒன்று மொட்டையாக.
மூன்றாவது சற்றுக் கீழே, சாதா இருபதில்.

எதிரணிக்காரன் வாய் திறந்தான்.
"முனை உள்ளே இருக்கிறதல்லவா,
செல்லும்" என்றாள் பெரில்,
நூற்று நாற்பதை
தேவைக்கு மேல் பெரிதாக எழுதினாள்.

நான் கோட்டுப் பையைத் துழாவினேன்.
சிகரெட்டை விட்டு ஆறு வருடம்,
லைட்டரை விடவில்லை.